ரா ஃபைல் திறக்கவில்லை என்றால் கார்டைக் குறை சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புதிதாக கேமரா வாங்குவோருக்கான கட்டுரை ஒன்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியாகியிருந்தது. சென்சார், லென்ஸ், பேட்டரி என எல்லாவற்றையும் தொட்டுவிட்டு, 'ஜேபெக்கில் எடுக்காதீர்கள், ரா ஃபைலாக எடுங்கள். எப்போது வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம்' என்று கட்டுரை முடிந்திருந்தது. ரா ஃபைலாக எடுக்கச் சொன்னது சரிதான். எப்போது வேண்டுமானாலும் என்று சொன்னதற்குத்தான் ஒரு நிபந்தனை சேர்த்திருக்க வேண்டும்: அந்த பாடியின் (லென்ஸ் நீங்கலான கேமராவின்) ரா ஃபைலைப் படிக்கத் தெரிந்த மென்பொருள் எடிட்டரின் கணினியில் இருக்க வேண்டும். முகூர்த்த மாதங்களில் ஆல்பம் எடிட்டர்களுக்கு வரும் போன்களில், "கார்டு போச்சுண்ணே, ஒரு படம்கூட ஓப்பன் ஆகல" என்பது அடிக்கடி கேட்கும் வசனம். கார்டு பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும்.

ரா ஃபைல் என்பது இன்னும் படமாகாத சரக்கு. சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஏதோ ஒரு நிறத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கிறது. அந்த அளவுகள்தான் 12 அல்லது 14 பிட் எண்களாக ஃபைலுக்குள் கிடக்கின்றன. 14 பிட் என்றால் ஒரு நிறத்துக்கு 16,384 படிகள். ஜேபெக்கில் 256 மட்டுமே. ஃபிளாஷ் பட்டு ஜரிகை வெளுத்துப்போன படத்தை ரா ஃபைலிலிருந்து ஓரளவு மீட்க முடிவது இதனால்தான். ஆனால் அந்த எண்களைப் படமாக்க, மென்பொருளுக்குச் சில விவரங்கள் தெரிந்தாக வேண்டும். எண்கள் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கின்றன, கருமை எந்த எண்ணில் தொடங்குகிறது, எந்த எண்ணுக்கு மேல் வெளிச்சம் நிரம்பிவிட்டதாகக் கொள்ள வேண்டும், இந்த சென்சார் பார்த்த சிவப்பை நம் கண் பார்க்கும் சிவப்பாக்கும் கணக்கு என்ன என்பவை அவை. கேனான், நிக்கான், சோனி போன்ற நிறுவனங்கள் இந்த விவரங்களைப் பொதுவில் முழுமையாக வெளியிடுவதில்லை. புதிய பாடி ஒன்று சந்தைக்கு வரும்போதெல்லாம் மென்பொருள் தயாரிப்பவர்கள் அதை அளந்து பார்த்து, தங்கள் பட்டியலில் சேர்த்து, அப்டேட் விடுகிறார்கள். அப்டேட் நின்றுபோன பழைய வெர்ஷனில் அந்தப் பட்டியலும் நின்றுவிடும்.

நம் ஊர் கடைகளில் நன்றாக விற்ற மூன்று பாடிகளையே எடுத்துக்கொள்வோம். கேனான் 200டி 2017-இல் வந்தது. 1500டி 2018 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. 200டி மார்க் 2 வந்தது 2019-இல். அடோபியின் படத் திருத்த மென்பொருளான லைட்ரூமில், மாதச் சந்தா இல்லாமல் ஒரே தொகை கட்டி வாங்கிய கடைசி வெர்ஷன் 6. அதற்கு வந்த கடைசி அப்டேட் 6.14, 2017 டிசம்பர். எனவே லைட்ரூம் 6-இல் 200டி திறக்கும், மற்ற இரண்டும் திறக்காது. இந்த இரண்டும் திறக்காததற்குக் காரணங்கள் வேறு வேறு, இங்கேதான் பலர் குழம்பிப்போகிறார்கள். 1500டி எழுதுவது லைட்ரூம் 6-க்கு நன்கு பழக்கமான சிஆர்2 வகை ஃபைல்தான். மாடலின் பெயர் மட்டும் பட்டியலில் இல்லை. 200டி மார்க் 2 எழுதுவது சிஆர்3. 2018-இல் எம்50 பாடியோடு கேனான் கொண்டுவந்த இந்த வகையில் ஃபைலின் கட்டமைப்பே வேறு. சிஆர்2, டிஃப் என்ற பழைய பட ஃபைல் வகையை ஒட்டியது. சிஆர்3 எம்பி4 வீடியோவின் கட்டமைப்பை ஒட்டியது. சுருக்கும் முறையும் புதிது. இலவச மென்பொருளான டார்க்டேபிளுக்கு சிஆர்3 வசப்பட்டது 2021 டிசம்பரில் வந்த 3.8 வெர்ஷனில்தான். பெயரில் 'மார்க் 2' என்ற ஒட்டு மட்டுமே வித்தியாசமாகத் தெரியும் இரண்டு பாடிகளை ஒரே கல்யாணத்தில் இரண்டு பேர் எடுத்துவர, ஒருவர் படம் திறந்து மற்றவர் படம் திறக்காவிட்டால் கார்டின் மேல் சந்தேகம் வருவது இயல்புதான்.

போட்டோஷாப் சிஎஸ்6 வைத்திருப்பவர்களின் நிலை இன்னும் இறுக்கம். அதற்குள் ரா ஃபைலைத் திறக்கும் 'கேமரா ரா' என்ற துணை மென்பொருள் 2015-இல் 9.1.1-ஓடு நின்றுவிட்டது. அந்தக் கணக்குப்படி 200டியும் அதில் திறக்காது.

கார்டு கெட்டதா, மென்பொருளுக்குப் புரியவில்லையா என்று கண்டுபிடிப்பது எளிது. ஒரே பாடியில் எடுத்த எல்லா ஃபைலும் ஒரே பிழைச் செய்தியோடு மறுக்கப்பட்டால் அது மென்பொருள் பிரச்சினை. சில படங்கள் திறந்து, சிலவற்றில் பாதிக்குக் கீழே ஊதா அல்லது சாம்பல் பட்டை வந்தால் கார்டு, கார்டு ரீடர் அல்லது நகலெடுத்ததில் கோளாறு. ஃபைல் அளவையும் பாருங்கள்: மற்றவை 25 மெகாபைட்டுக்குப் பக்கத்தில் இருக்க, ஒன்று மட்டும் 3 மெகாபைட் அல்லது பூஜ்யம் என்றால் அது பாதியில் அறுந்த ஃபைல். இறுதிச் சோதனை, அந்தந்தக் கேமரா நிறுவனமே இலவசமாகத் தரும் மென்பொருள். கேனானுக்கு டிஜிட்டல் போட்டோ புரொஃபஷனல், நிக்கானுக்கு என்எக்ஸ் ஸ்டூடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ் டெஸ்க்டாப். அதன் புதிய வெர்ஷனில் படம் திறந்துவிட்டால் ஃபைலுக்கு ஒரு குறையும் இல்லை. ஃபுஜிஃபில்மின் எக்ஸ் ரா ஸ்டூடியோ மட்டும் விசித்திரமானது. படமெடுத்த அதே மாடல் கேமராவை யுஎஸ்பி கேபிளில் இணைத்தால்தான் வேலை செய்யும், ஏனென்றால் கணக்குப் போடுவது கேமராவின் சில்லுதான். எடிட்டரிடம் கார்டை மட்டும் கொடுத்தனுப்பினால் அதனால் பயனில்லை.

இந்தச் சோதனைகள் முடியும் வரை யாரும் கார்டை ஃபார்மேட் செய்ய வேண்டாம்.

பழைய மென்பொருளை விட முடியாதவர்களுக்குச் சரியான வழி, அடோபி இலவசமாகத் தரும் டிஎன்ஜி கன்வெர்ட்டர். ரா ஃபைலை டிஎன்ஜி என்ற அடோபியின் பொது ரா வகைக்கு அது மாற்றும். மேலே சொன்ன கருமை, நிறைவு, நிறக் கணக்கு எல்லாவற்றையும் டிஎன்ஜி ஃபைல் தனக்குள்ளேயே எழுதி வைத்துக்கொள்ளும். அதனால் கேமராவின் பெயரையே கேள்விப்படாத பழைய லைட்ரூமும் அதைத் திறந்துவிடும். ஆனால் இதைப் பயன்படுத்தும்போது தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. முதலில், கன்வெர்ட்டர் புதிய வெர்ஷனாக இருக்க வேண்டும். கேமராவை விடப் பழைய கன்வெர்ட்டருக்கும் அந்த ஃபைல் புரியாது. புதிய வெர்ஷன் விண்டோஸ் 7-இல் ஏறாது. ஆகவே பழைய கணினியைத் தொட வேண்டாம். விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள வேறொரு கணினியில் மாற்றி, டிஎன்ஜியை மட்டும் ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுவாருங்கள். இரண்டாவது, அது ஃபைலைக் கேட்பதில்லை, ஃபோல்டரைக் கேட்கிறது. ஃபோல்டருக்குள் நுழைந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லாதது போலக் காட்டும். பயந்துவிடாமல் ஒரு படி வெளியே வந்து ஃபோல்டரையே தேர்வு செய்தால் போதும்.

அடுத்து முக்கியமானது, அமைப்புகளில் உள்ள 'இணக்கம்' என்ற வரி. அப்டேட் செய்யப்பட்ட சிஎஸ்6-க்கும் லைட்ரூம் 6-க்கும் 'கேமரா ரா 7.1-உம் அதன் பின்னும்' என்பதைத் தேர்வு செய்ய வேண்டும். சிஎஸ்6-ஐ நிறுவியபடியே, ஒரு அப்டேட்டும் செய்யாமல் வைத்திருப்பவர்கள் 6.6-க்குப் போக வேண்டும், ஏனெனில் சிஎஸ்6-ஓடு வந்தது 7.0. புதிதாக இருக்கட்டுமே என்று பட்டியலின் கடைசி வரியை அழுத்தினால், 2023-இல் டிஎன்ஜியில் சேர்ந்த ஜேபெக் எக்ஸ்எல் என்ற புதிய சுருக்கம் உள்ளே வரக்கூடும். எந்தச் சிக்கலுக்காக மாற்றினோமோ அதே சிக்கல் திரும்பி வந்துவிடும். 'லாஸி' என்ற கட்டத்தில் டிக் வைக்காதீர்கள், அசல் எண்களை அது குறைத்துவிடும். 'மூல ரா ஃபைலையும் உள்ளே வை' என்பதிலும் வேண்டாம், ஃபைல் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 'லீனியர்' என்பதைத் தொட்டால் ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று நிறமும் எழுதப்பட்டு ஃபைல் மும்மடங்கு பக்கம் போய்விடும். இந்த மூன்றும் காலியாக இருந்தால் 24 மெகாபிக்சல் படம் ஒன்று பெரும்பாலும் அசல் ஃபைலின் அளவிலேயே அமையும்.

டிஎன்ஜி ஆக்கியதும் மூல ஃபைலை அழித்துவிடலாமா என்று கேட்பார்கள். கூடாது. கேனான், நிக்கான் நிறுவனங்களின் சொந்த மென்பொருள்கள் இப்படி மாற்றிய டிஎன்ஜியைத் திறப்பதில்லை. அவற்றின் நிறப் பாணி பிடித்துப்போய் அதிலேயே பிரிண்ட் எடுப்பவர்கள் உண்டு. கேனானின் டூயல் பிக்சல் ரா போன்ற சிறப்புத் தரவுகளுக்கும் மூல ஃபைல் தேவை.

நிக்கான்காரர்களுக்குக் கேமரா மெனுவிலேயே ஒரு தீர்வு இருக்கிறது. 2021 இறுதியில் வந்த இசட்9, அதன் பின் வந்த இசட்8, இசட்எஃப், இசட்6 3 ஆகியவற்றில் என்ஈஎஃப் (நிக்கானின் ரா ஃபைல்) பதிவு முறையில் 'லாஸ்லெஸ்' (இழப்பில்லாதது), 'ஹை எஃபிஷியன்சி ஸ்டார்', 'ஹை எஃபிஷியன்சி' என்று மூன்று தேர்வுகள் உண்டு. பின்னிரண்டும் இன்டோபிக்ஸ் என்ற பெல்ஜிய நிறுவனத்தின் டிக்கோரா முறையில் சுருக்கப்படுபவை. ஃபைல் வெகுவாகச் சிறுத்துவிடுவதால் ஆயிரக்கணக்கில் படமெடுப்பவர்கள் அதை விரும்புகிறார்கள். ஆனால் மூன்றுக்கும் ஃபைலின் ஈற்றுப் பெயர் என்ஈஎஃப்தான்! உரிமம் தேவைப்படும் சுருக்கமாதலால் இலவச மென்பொருள்கள் நீண்ட காலம் அதைத் திறக்கவே இல்லை. ஒரே கார்டில் காலைப் படங்கள் திறந்து மாலை ரிசப்ஷன் படங்கள் திறக்காமல் போனால், நடுவில் யாரோ இந்த மெனுவை மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். எடிட்டர் என்ன மென்பொருள் வைத்திருக்கிறார் என்று தெரியாதபோது 'லாஸ்லெஸ்' மட்டுமே பாதுகாப்பு. கார்டில் இடம் போவதைப் பற்றிக் கவலைப்பட்டால் இன்னொரு கார்டு வாங்குவது மலிவு.

நிக்கானில் இன்னொரு பழைய கண்ணி: பழைய 'நிக்கான் டிரான்ஸ்ஃபர்' மென்பொருள் வழியாகப் புதிய பாடியின் படங்களை நகலெடுத்தால் ஃபைலின் தரவே சிதைந்துபோவது உண்டு. கார்டு ரீடரில் செருகி, விண்டோஸில் சாதாரணமாக காப்பி செய்து ஒட்டுங்கள்.

சோனியில் நீண்ட காலம் இருந்த 'கம்ப்ரஸ்டு' முறை, ஒரே நிறத்தின் 16 பிக்சல்களை 16 பைட்டுக்குள் அடைக்கிறது. அந்தப் பதினாறில் பெரிய எண்ணுக்கும் சிறிய எண்ணுக்கும் தலா 11 பிட், மற்ற 14-க்கும் தலா 7 பிட். கறுத்த வானத்தின் முன் சீரியல் பல்பு எரிகிற இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், விளிம்பில் சின்னச் சின்னச் சிதறலாக இதனால் வரும் இழப்பு தெரியும். புகார்கள் எழுந்த பிறகு 2015 அக்டோபரில் ஏ7ஆர் 2-க்கு 'அன்கம்ப்ரஸ்டு' (சுருக்காத) முறை வந்தது. 24 மெகாபிக்சல் பாடியில் அதற்கு ஏறக்குறைய 48 மெகாபைட் ஆகும். இழப்பில்லாத சுருக்கம் 2021-இல் ஏ1 பாடியோடுதான் வந்தது. அதற்கு முந்தைய மென்பொருள்களுக்கு அது புரியாது.

செய்யக் கூடாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். சிஆர்3 என்ற ஈற்றுப் பெயரை சிஆர்2 என்று மாற்றினால் ஃபைலின் உள்ளே ஒரு பைட்கூட மாறுவதில்லை, வீண் வேலை. எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவியால் ஃபைலுக்குள் இருக்கும் மாடல் பெயரை மாற்றி, மென்பொருளை ஏமாற்றும் தந்திரம் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. 1500டி போல, வகை பழையது, பெயர் மட்டும் புதியது என்னும் நிலையில் அது சில சமயம் பலிக்கும். சிஆர்3-இல் பலிக்காது. பலித்தாலும், வேறொரு சென்சாரின் கருமை எண்ணும் நிறக் கணக்கும் ஏற்றப்படுவதால் நிழல்களில் ஊதா ஏறும், முகநிறம் கெடும். பார்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் நகலில் செய்து பாருங்கள், மூலத்தில் அல்ல. இணையத்தில் 'இலவசமாக மாற்றித் தருகிறோம்' என்னும் தளங்களில் அடுத்தவர் வீட்டுக் கல்யாணப் படங்களை ஏற்றுவது நாகரிகமும் அல்ல, பயனும் அல்ல. ஃபைலுக்குள் ஏற்கெனவே பொதிந்திருக்கும் முன்னோட்ட ஜேபெக்கை உருவிக் கொடுப்பதோடு நின்றுவிடும் தளங்கள் பல.

அந்த முன்னோட்ட ஜேபெக்கை நாமே உருவலாம், அவசரத்துக்கு உதவும். கேனான் சிஆர்2-இல் முழு அளவு ஜேபெக் உள்ளேயே இருக்கிறது. நிக்கானின் பெரும்பாலான என்ஈஎஃப்களிலும் அப்படியே. எக்ஸிஃப்டூலால் ஒரு ஃபோல்டர் முழுவதற்கும் சேர்த்து எடுத்துவிட முடியும். சோனியின் பழைய பாடிகள் பலவற்றில் உள்ளே இருப்பது 1616 × 1080 மட்டுமே. நாலுக்கு ஆறு பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 270 புள்ளி பக்கம் கிடைக்கும், அது தாங்கும். ஆல்பத்தின் முழுப் பக்கத்துக்குத் தாங்காது.

இந்தச் சங்கடமெல்லாம் தவிர்க்க முடியாததா? அடோபி டிஎன்ஜியை 2004 செப்டம்பரில் வெளியிட்டது. அதன் விவரக்குறிப்பு யார் வேண்டுமானாலும் படித்துப் பயன்படுத்தலாம் என்று திறந்தே இருக்கிறது. லைக்கா, ரிக்கோ கேமராக்கள் அதிலேயே எழுதுகின்றன. பென்டாக்ஸ் மெனுவில் தேர்வு தருகிறது. ஆண்ட்ராய்டு போன்களில் 2014-இல் 5.0 வெர்ஷனிலிருந்தும், ஐபோனில் 2016-இல் ஐஓஎஸ் 10-லிருந்தும் ரா படம் டிஎன்ஜியாகவே கிடைக்கிறது. சட்டைப்பையில் கிடக்கும் போன் தரும் வசதியை இரண்டு லட்ச ரூபாய் பாடி தரவில்லை என்றால் அது தொழில்நுட்பக் குறை அல்ல, விருப்பக் குறை. 2005-இல் நிக்கான் டி2எக்ஸ் என்ஈஎஃப் ஃபைலில் வொயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச் சமன்) எண்களை மறையாக்கம் செய்து வைத்தது பெரிய சர்ச்சையானது. அடோபியின் தாமஸ் நோல் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். டிசிரா என்ற இலவச மென்பொருளை எழுதிய டேவ் காஃபின் அந்த மறையை உடைத்தே விட்டார். எடுத்தவருக்குச் சொந்தமான படத்தின் நிற விவரத்தை எடுத்தவரிடமிருந்தே பூட்டி வைப்பது, பத்திரத்தை நம் பெயரில் எழுதிவிட்டு பீரோ சாவியை விற்றவரே வைத்துக்கொள்வது மாதிரி.

திறந்தாலும் தீராத ஒன்று, செய்த திருத்தங்கள். ரா ஃபைலில் நாம் செய்யும் வேலை படத்தில் ஏறுவதில்லை. 'வெளிச்சத்தை இவ்வளவு கூட்டு' என்ற கட்டளையாகப் பக்கத்தில் ஒரு சிறு ஃபைலிலோ மென்பொருளின் கேட்டலாகிலோ எழுதப்படுகிறது. ஒரு மென்பொருளின் கட்டளை இன்னொன்றுக்குப் பெரும்பாலும் புரியாது. நிக்கானின் கேப்ச்சர் என்எக்ஸ் 2-இல் கட்டளைகள் என்ஈஎஃப்புக்குள்ளேயே சேமிக்கப்பட்டன. 2014-இல் அதன் இடத்துக்கு வந்த என்எக்ஸ்-டி, படத்தின் ஒரு பகுதியை மட்டும் திருத்தும் கன்ட்ரோல் பாயின்ட் வசதி இல்லாமல் வந்தது. ஒரே நிறுவனத்துக்குள்ளேயே இப்படி. ஆகவே முடித்த வேலையை முழுத் தர ஜேபெக்காகவும், முக்கியமானவற்றை 16 பிட் டிஃப்பாகவும் எடுத்து வைக்காத ஆல்பம் வேலை முடிந்த வேலை அல்ல. 24 மெகாபிக்சலுக்குச் சுருக்காத 16 பிட் டிஃப் ஒன்று 144 மெகாபைட். எல்லாப் படத்துக்கும் அது கட்டுப்படியாகாது என்பதை அறிவோம், தேர்ந்தெடுத்தவற்றுக்குப் போதும்.

கல்யாண வீட்டாருக்கு ஒரு வார்த்தை. 'ரா ஃபைல் எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொடுங்கள்' என்று ஒப்பந்தம் பேசும்போது கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. கேளுங்கள், ஆனால் அத்துடன் முழு அளவு ஜேபெக்கும் கேளுங்கள். வீட்டுக் கணினியில் ரா ஃபைல் பல நேரம் வெறும் ஐகானாகத்தான் தெரியும்.

ஓலைச்சுவடி, கல்வெட்டு, கோயில் சுவரோவியம் போன்றவற்றைப் படமெடுத்துப் பாதுகாக்கும் நிறுவனங்களுக்கு இது இன்னும் கடுமையாகப் பொருந்தும். அங்கே ஃபைல் ஐம்பது ஆண்டு கழித்துத் திறக்க வேண்டும். டெண்டர் நிபந்தனையில் 'உயர்தரப் படம்' என்று மொட்டையாக எழுதாமல், 16 பிட் டிஃப், உடன் இழப்பில்லாத டிஎன்ஜி, உடன் மூல ரா ஃபைல் என்று மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். டிஎன்ஜிக்குள் படத் தரவின் சரிபார்ப்பு எண் ஒன்று எழுதப்படுவதால், வருடா வருடம் லைட்ரூமில் ஒரு முறை ஓட்டி, ஃபைல் சிதைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும் முடியும். மூல ரா ஃபைலில் பொதுவாக இப்படியொரு வசதி கிடையாது.

கேமரா விற்கும் கடைக்காரர்கள் பில் போடும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "எடிட்டிங் எதில் பண்றீங்க, எந்த வெர்ஷன்?" கடையிலேயே வாடிக்கையாளரின் கார்டில் நாலு படம் எடுத்துக் கொடுத்து, வீட்டில் திறந்து பார்த்துவிட்டு வரச் சொல்லலாம். அதை முகூர்த்தத்துக்கு முந்தின நாள் இரவு செய்து பார்ப்பவர்கள்தான் இப்போது அதிகம். தங்கள் இணைப்பிதழின் அடுத்த கேமரா கட்டுரையில், விலைக்கும் மெகாபிக்சலுக்கும் பக்கத்தில் அந்த பாடி எந்த வகை ரா ஃபைல் எழுதுகிறது, லைட்ரூமின் எந்த வெர்ஷனிலிருந்து திறக்கும் என்ற இரண்டு வரிகளைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆல்பம் எடிட்டர்கள் சிலர்,
மதுரை.